ஒரே வளவில் இரண்டு குடித்தனம்: அவுட்பில்டிங்கை நியாயமாக வாடகைக்கு விடும் வழி

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் இருக்கட்டும் என்று கட்டியிருப்பார்கள். மகன் ஜோகன்னஸ்பர்க்குக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட, இரண்டு அறையும் ஒரு குளியலறையும் பூட்டிக் கிடக்கும். அப்புறம் ஒருநாள், "சும்மா கிடக்கிறதே, வாடகைக்கு விட்டால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் எழும்.

தாராளமாக விடலாம். ஆனால் பெரிய அடுக்குமாடி வைத்திருப்பவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. குடித்தனக்காரரும் நாமும் ஒரே வளவில் இருக்கிறோம். ஒரே கேட், ஒரே மீட்டர், துணி காயப்போட ஒரே கம்பி. அவர் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்பதெல்லாம் நம் சமையலறை ஜன்னலில் இருந்தே தெரியும். சின்ன வீட்டுக்காரர்கள் செய்யும் அநியாயங்களில் பாதி இந்த நெருக்கத்தில்தான் பிறக்கிறது. "என் வளவு, என் இஷ்டம்" என்று மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சாவியைக் கையில் கொடுத்த நேரம் முதல் அந்த இரண்டு அறை அவருடைய வீடு.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு அடிப்படை 1999-ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம். ஒரே ஓர் அறையை விடுபவருக்கும் அது பொருந்தும். கீழே சொல்லும் பலவும் அதிலிருந்து வருபவைதான். இடையிடையே என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

முதலில் கட்டடம்

விளம்பரம் போடும் முன் உங்கள் அவுட்பில்டிங்குக்கு மாநகராட்சி அனுமதித்த பிளான் இருக்கிறதா என்று பாருங்கள். 1977-ஆம் ஆண்டின் கட்டட ஒழுங்குச் சட்டப்படி அது வேண்டும். நம் பகுதிகளில் பிளான் இல்லாமல் எழும்பிய கட்டடங்கள் ஏராளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளை தீப்பிடித்தால் "அனுமதியில்லாத கட்டடம்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம். எத்தெக்வினி மாநகராட்சியில் (அதாவது டர்பன் மாநகராட்சியில்) பிளான் கொடுத்து ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியும். நாளாகும், செலவாகும், ஆனாலும் செய்யுங்கள்.

அடுத்தது மின்சாரம். பெரிய வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, அதில் அடுப்பு, கீசர், ஹீட்டர் எல்லாம் ஓடுகிற அவுட்பில்டிங்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்து, மின் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி வைப்பது உரிமையாளரின் கடமை. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். உள்ளே தூங்கப் போவது வேறொருவரின் குழந்தைகள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்போவதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். பாலிசியில் சாஸ்ரியா இருக்கிறதா என்றும் பாருங்கள். கலவரச் சேதத்துக்கு இந்த நாட்டில் ஈடு தருவது அந்த அரசு நிறுவனம் ஒன்றுதான். 2021 ஜூலையில் என்ன நடந்தது என்பதை டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரிவில் கட்டிய வீடாக இருந்தால் பின்பக்கத் தாங்குசுவரையும் மழைநீர் வடிகாலையும் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மேடுகளில் மண் சரிந்து எத்தனையோ வீடுகள் போயின. குடித்தனக்காரரின் டிவியும் ஃபிரிட்ஜும் உங்கள் பாலிசியில் வராது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வாடகை, தண்ணீர், கரண்ட்

அதே தெருவில், அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று நாலு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அதற்கு மேல் நூறு ரேண்ட் ஏற்றிக் கேட்டு மூன்று மாதம் காலியாகப் போட்டு வைப்பதில் லாபம் ஏதும் இல்லை.

தகராறு பெரும்பாலும் வாடகையில் வருவதில்லை, கரண்டில் வருகிறது. ஒரே மீட்டர், பில்லில் பாதி என்று வைத்தால் மாதாமாதம் முகம் சுளிப்புதான். அவர்கள் இரண்டு பேர், நீங்கள் ஆறு பேர், எப்படிப் பாதி? ஒரு பிரீபெய்ட் சப்மீட்டர் வைத்துவிடுங்கள். அவர் வாங்கியதை அவர் எரிக்கட்டும். மாநகராட்சி உங்களிடம் வாங்கும் விலைக்கு மேல் ஒரு சென்ட்கூட ஏற்றாதீர்கள். கரண்ட் விற்று லாபம் பார்ப்பது நியாயமற்ற நடைமுறையாகவே கருதப்படும்.

தண்ணீர் பில் உங்கள் பெயரில் வரும். சப்மீட்டர் இல்லையென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று நிலையான ஒரு தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஜோஜோ டேங்க் (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) வைத்திருந்தால் குழாய் வற்றும் நாளில் அந்தத் தண்ணீர் யாருக்கு என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். 2022 வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. "ஆன்ட்டி, தண்ணி வரலை" என்று பின்வாசலில் பக்கெட்டோடு ஒரு பிள்ளை நிற்கும்போது கணக்குப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் முன்பே பேசியிருந்தால் அந்தப் பிள்ளை தயங்கி நிற்க வேண்டியிருக்காது.

ஆள் பார்ப்பது

"இந்துக்கள் மட்டும்", "இந்தியக் குடும்பம் மட்டும்", "குழந்தை இல்லாத தம்பதி". கடை நோட்டீஸ் பலகையிலும் வாட்ஸாப்பிலும் இப்படித்தான் பார்க்கிறோம். வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. இனம், நிறம், மதம், மொழி, பண்பாடு, பால், திருமண நிலை, கர்ப்பம், வயது, உடற்குறை எதையும் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. விளம்பரத்துக்கும் இது பொருந்தும்.

"அப்படியென்றால் மாட்டுக்கறி?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் புரட்டாசி வந்தால் பாத்திரத்தைக்கூடத் தனியாக எடுத்து வைப்போம். கேள்வி நியாயமானது. என் பார்வை இது: சமையலறையை இரண்டு குடும்பமும் சேர்ந்து பயன்படுத்துவதானால், அங்கே எதைச் சமைக்கலாம் என்று பேசி, வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே விதியாக எழுதிக்கொள்ளலாம். அவுட்பில்டிங்குக்குத் தனிச் சமையலறை இருந்தால் அங்கே என்ன வேகிறது என்பது உங்கள் காரியம் இல்லை. வாசனை வருகிறது என்றால் நம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். நாம் கருவாடு வறுக்கும் நாளில் அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

நியாயமாகக் கேட்கக்கூடியவை: சம்பளச் சீட்டு, முன்பிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண், அடையாள அட்டை. கடன் வரலாறு பார்க்க வேண்டுமென்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாருங்கள். வாங்கிய நகல்களை மேசை மேல் போட்டு வைக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும். வீடு கிடைக்காமல் போனவர்களின் தாள்களைக் கிழித்துவிடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், பிடித்துப்போன முகத்திடம் கேட்காமல் விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் அனுமதித் தாளைப் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாதவருக்குத் தெரிந்தே வீடு கொடுப்பதை 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தடை செய்கிறது. புகலிடம் கோரியவருக்கும் அகதிக்கும் அரசு தரும் தாள் செல்லுபடியாகும் தாள்தான். அது கையில் இருக்கும் கொங்கோக்காரரை "வெளிநாட்டான்" என்று திருப்பி அனுப்ப எந்தக் காரணமும் இல்லை. 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இதே டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் கையிலும் ஒரு தாள்தான் இருந்தது.

ஒப்பந்தம்

வாய்ப்பேச்சில் விட்ட வாடகையும் சட்டப்படி வாடகைதான். குடித்தனக்காரர் எழுதிக் கேட்டால் எழுதித்தர வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுதிவிடுங்கள். "நம்ம ஆளுதானே" என்று விட்டால் பிறகு உறவும் போகும், பணமும் போகும்.

இரண்டு பக்கம் போதும். யார் யார் குடியிருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கில், டெபாசிட் எவ்வளவு, எத்தனை மாதம், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், கரண்ட், தண்ணீர். அதோடு வளவு விஷயங்கள்: காரை எங்கே நிறுத்துவது, கேட் ரிமோட் எத்தனை, துணிக்கம்பி யாருக்கு எந்த நாள், நாயை எப்போது அவிழ்த்து விடுவீர்கள், குப்பைப் பை எங்கே. இவை சில்லறையாகத் தெரியும். ஆனால் ஒரே வளவில் வருகிற சண்டையெல்லாம் இந்தச் சில்லறையில்தான் வருகிறது. நீங்கள் ஆடிக் கஞ்சிக்கு நூறு பேரைக் கூப்பிட்டு, அவர் கார் வெளியே போக முடியாமல் நின்றால் அதுவும் ஒரு வீட்டு விதி மீறல்தான், உங்கள் பக்கத்தில்.

காலம் குறிப்பிட்ட ஒப்பந்தம் என்றால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவையும் மனத்தில் வையுங்கள். 24 மாதத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அவர் இடையில் வெளியேறலாம். நீங்கள் நியாயமான ஓர் ஈடு கேட்கலாம், மிச்ச மாத வாடகை முழுவதையும் கேட்க முடியாது. ஒப்பந்தம் முடியப்போவதை 40 முதல் 80 வேலை நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரே ஓர் அவுட்பில்டிங் விடுபவர் இந்தச் சட்டத்துக்குள் வருகிறாரா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருக்கட்டும். பின்பற்றினால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. காலம் முடிந்தும் அவர் உங்கள் சம்மதத்தோடு தொடர்ந்து இருந்தால் அதே நிபந்தனைகளில் மாதாந்தர வாடகையாக மாறிவிடும். அதை முடிக்க இரு தரப்பும் குறைந்தது ஒரு மாத எழுத்து நோட்டீஸ் தர வேண்டும்.

டெபாசிட்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் சின்ன வீட்டுக்காரர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். தமிழ்நாட்டில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு மாத வாடகைதான் டெபாசிட் என்பது ஆச்சரியமாக இருக்கும். சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. வழக்கம் ஒரு மாதம், சில இடங்களில் இரண்டு.

அந்தப் பணம் உங்களுடையது அல்ல. வங்கியில் வட்டி தரும் கணக்கில் போட வேண்டும். அந்த வங்கியின் சேமிப்புக் கணக்கு வட்டிக்குக் குறையக் கூடாது. வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவர் கேட்டால் வங்கித் தாளைக் காட்ட வேண்டும். கடைசியில் வட்டியும் அவருக்கே. வீட்டுச் செலவுக் கணக்கில் போட்டால் தீபாவளிக்குள் காணாமல் போய்விடும், தனிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

குடிவரும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருக்கிற குறைகளை எழுதி, அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். திறக்காத ஜன்னல், விரிசல் விட்ட டைல், கதவில் பழைய ஓட்டை, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள், தேதியும் பதிந்துவிடும். குடிபோகும்போது ஒப்பந்தம் முடியும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். இதை நீங்கள் செய்யாமல் விட்டால், வீடு நல்ல நிலையில் திரும்பியது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு சென்ட் பிடிக்க முடியாது.

சேதமோ பாக்கியோ இல்லையென்றால் 7 நாளுக்குள் முழுப் பணம். பழுது பார்க்க வேண்டியிருந்தால் வீடு உங்கள் கைக்குத் திரும்பியதிலிருந்து 14 நாளுக்குள் மீதி. அவர் கடைசிப் பார்வைக்கு வராமல் போய்விட்டால், ஒப்பந்தம் முடிந்த 7 நாளுக்குள் நீங்கள் தனியாகப் பார்த்து, 21 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். எதற்குப் பிடித்தீர்களோ அதற்கு ரசீது காட்ட வேண்டும்.

எதைப் பிடிக்கலாம்? உதாரணமாக 4,500 ரேண்ட் டெபாசிட். மூன்று வருடம் இருந்தார். பெயின்ட் மங்கியிருக்கிறது, தரைவிரிப்பு நடந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. அது வாழ்ந்த தடம், உங்கள் செலவு. குளியலறைக் கதவில் குத்திய ஓட்டை, உடைந்த வாஷ்பேசின், அது அவர் செலவு. கீசர் வெடித்தால் உங்களுடையது, பல்பு போனால் அவருடையது. புதுக் குடித்தனத்துக்கு வீட்டைப் பளபளப்பாக்கும் செலவைப் பழைய குடித்தனத்தின் டெபாசிட்டில் எடுப்பது ஊரெங்கும் நடக்கிறது. அதற்குத் திருட்டு என்ற பெயரை வைக்க யாரும் முன்வருவதில்லை.

குடியிருக்கும் காலத்தில்

வாடகை வாங்கும்போதெல்லாம் எழுத்து ரசீது கொடுங்கள். தேதி, எந்த மாதம், வாடகையா டெபாசிட்டா பாக்கியா என்பது அதில் இருக்க வேண்டும். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

உள்ளே போக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருக்கு வசதியான நேரத்தில் போங்கள். மாற்றுச் சாவி உங்களிடம் இருப்பது தீ, தண்ணீர்க் குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு. வீட்டைச் சோதனை போடக் கூடாது, பொருளை எடுக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பு அவருடைய குடும்பத்துக்கும் விருந்தாளிகளுக்கும் உண்டு. இரவு யார் தங்கினார்கள் என்று ஜன்னலில் பார்த்துக் காலையில் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். நிரந்தரமாக ஆள் கூடினால் தண்ணீர்த் தொகையைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான்.

பழுது சொன்னால் பதில் சொல்லுங்கள். இன்றைக்கு முடியாவிட்டால் என்றைக்கு முடியும் என்று சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்பது பதில் இல்லை.

வாடகை வராவிட்டால்

வேலை போயிருக்கலாம், சம்பளம் தாமதமாகியிருக்கலாம். முதலில் போய்ப் பேசுங்கள். மூன்று மாதத்தில் சிறிது சிறிதாகக் கட்டுகிறேன் என்றால் அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதுவும் தவறினால் 20 வேலை நாளுக்குள் சரிசெய்யும்படி எழுத்து நோட்டீஸ் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் பேச்சு.

பூட்டை மாற்றாதீர்கள். மெயின் ஸ்விட்சை இறக்காதீர்கள். தண்ணீரை அடைக்காதீர்கள். ஃபிரிட்ஜைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடித்தனக்காரரை வெளியே பூட்டுவதும் வசதிகளைத் துண்டிப்பதும் குற்றம். அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். எத்தனை மாதப் பாக்கி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சப்மீட்டர் உங்கள் கையில் இருப்பதால் ஆசை வரும். அந்த ஆசைக்குத்தான் இந்தச் சட்டம்.

அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு, எல்லாச் சூழ்நிலைகளையும் நீதிமன்றம் பார்த்து உத்தரவு போடாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது என்கிறது. அதற்கான வழிமுறை 1998-ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது: விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு அவருக்கும் மாநகராட்சிக்கும் நோட்டீஸ் போக வேண்டும், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையேற்கும் குடும்பங்கள் நிலையை நீதிபதி பார்ப்பார், உத்தரவு வந்தால் ஷெரிஃப்தான் வெளியேற்றுவார். மாதங்கள் ஆகும், வக்கீல் செலவும் ஆகும். "இதென்ன சட்டம், வீட்டுக்காரனுக்கு நியாயமே இல்லையா" என்று புலம்புகிறவர்களிடம் நான் சொல்வது: இனஒதுக்கல் காலத்தில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் லாரியில் ஏற்றி இங்கே இறக்கிவிடப்பட்ட தாத்தா ஆயாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். சாட்ஸ்வர்த்தே அப்படி உண்டான ஊர். கேட்பாரில்லாமல் ஒரு குடும்பத்தைத் தெருவில் விடக் கூடாது என்ற விதி நமக்காகவும்தான் எழுதப்பட்டது.

வெளியேற்றம் வேண்டாம், தகராறுதான் தீர வேண்டும் என்றால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, வீட்டுக்காரரும் புகார் கொடுக்கலாம். குவாசூலு-நட்டால் தீர்ப்பாயத்துக்கு டர்பனில் அலுவலகம் உண்டு. புகார் நிலுவையில் இருக்கும்போது அவர் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் வீட்டைப் பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் முடிவு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். ஆனால் வெளியேற்ற உத்தரவு மட்டும் அங்கே கிடைக்காது. அவர் போய்விட்டார், பாக்கி நிற்கிறது என்றால் 20,000 ரேண்ட் வரை சிறு உரிமை நீதிமன்றத்தில் நீங்களே வாதாடலாம்.

ஏஜென்டும் வரியும்

ஏஜென்ட் மூலம் விடுவதானால் அவரிடம் சொத்துத் தொழில் ஒழுங்கமைப்பின் நம்பகநிதிச் சான்றிதழ் (ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட்) இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அது இல்லாதவர் கமிஷன் வாங்க முடியாது. சொந்த வீட்டை நீங்களே விட்டால் உங்களுக்கு அது தேவையில்லை.

வாடகை வருமானத்தை வருமான வரித் துறையான சார்ஸுக்குக் காட்ட வேண்டும். அவுட்பில்டிங் பங்குக்கான மாநகராட்சி வரி, வீட்டுக்கடன் வட்டி, இன்ஷூரன்ஸ், பழுதுபார்ப்பு இவற்றைக் கழிக்கலாம். கடன் அசலைக் கழிக்க முடியாது. புதிதாக ஓர் அறை கட்டியது பழுதுபார்ப்பில் வராது. அது பிற்பாடு வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் உதவும், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளக்காரராக இருந்தாலும் வாடகை, வட்டி, ஈவுத்தொகை சேர்ந்து வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 30,000 ரேண்டைத் தாண்டினால் முன்கூட்டி வரி கட்டுபவராகி, ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் கணக்குக் கொடுக்க வேண்டும். ரசீதுப் புத்தகமும் மாநகராட்சி பில்களும் ஒரே கோப்பில் இருந்தால் அந்த வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.